சாணைக்கல் பதில்கள்: சிகாரின் தலையை எங்கே வெட்டுவது?

போன இதழில் தையல் கத்தரிக்கோலைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதமும் அதையொட்டித்தான் கடிதங்கள் வரும் என்று நினைத்துப் பையைப் பிரித்தால், பெரும்பாலும் சிகார் கட்டர். தீபாவளிக்கு வந்துபோன பிள்ளைகள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அப்பாக்களுக்கும் மாமனார்களுக்கும் மரப்பெட்டியில் சிகார் வாங்கி வந்திருக்கிறார்கள் போல. பெட்டி வந்துவிட்டது, வெட்டுகிற கருவி வரவில்லை. கீழமாசி வீதிப் பக்கத்துச் சந்தில் முப்பத்தைந்து வருடமாகச் சாணை பிடிக்கிறேன். இந்தக் கட்டர்களும் அவ்வப்போது என் கல்லுக்கு வருகின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி சிகார் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். புகையிலைப் பொருளை விளம்பரம் செய்வதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் எழுதியதைப் படித்து ஒருவர் புதிதாகப் புகைக்கத் தொடங்கினார் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள்.

என் மருமகன் துபாயிலிருந்து பத்து சிகார் கொண்ட பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு வழக்கம் திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டுதான். வாங்கினோம், பற்ற வைத்தோம் என்று போய்விடும். இதற்கு மட்டும் கட்டர் வேண்டும் என்கிறார். ஏன்? வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— திருமங்கலம் வாசகர்

ஐயா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். நம் ஊர்ச் சுருட்டு இரண்டு முனையும் வெட்டி வருவது. எந்தப் பக்கத்தை வாயில் வைத்தாலும் காற்று போகும். உங்கள் மருமகன் கொடுத்ததில் ஒரு முனைதான் திறந்திருக்கும், அது நெருப்பு வைக்கிற அடிப்பக்கம். மறுமுனை உருண்டையாக மூடியிருக்கும், அது தலை. சிகாரைச் சுருட்டி முடித்ததும் தொழிலாளி ஒரு சின்ன வட்ட இலைத்துண்டை எடுத்து, செடிப் பசை தடவி, தலையில் குல்லா மாதிரி ஒட்டிவிடுகிறார். கியூபாவில் மூன்று அடுக்காக ஒட்டுவது மரபு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வளையம் வளையமாக மெல்லிய கோடுகள் தெரியும். மேலே சுற்றிய இலை பிரியாமல் நிற்பது அந்தக் குல்லாவால்தான். அதைத் திறக்காவிட்டால் புகை வராது. முழுவதும் எடுத்துவிட்டால் மேலிலை சேலை முந்தானை மாதிரி அவிழ்ந்து வந்துவிடும். கொஞ்சம் எடுத்து, மிச்சத்தை விட்டுவைப்பதுதான் கட்டருடைய வேலை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது நம் சுருட்டு என்ற சொல்லிலிருந்து போனது. இரண்டு முனையும் வெட்டிய சுருட்டுக்குத்தான் அந்தப் பெயர். மதராஸ் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. சுருட்டுக்கும் வாயில் போடுகிற புகையிலைக்கும் ஏற்ற ரகங்களை ஆராய 1948-ல் வேடசந்தூரில் ஒரு நிலையம் வந்தது. இத்தனை காலம் இத்தனை சுருட்டு சுருட்டிய நம் பக்கத்தில் கட்டர் என்ற சாமானுக்கு வேலையே இல்லாமல் போனதற்கு, அந்த இரண்டு திறந்த முனைகள்தான் காரணம்.

சரி, வாங்குவது எப்படி? முதலில் சிகாரை அளந்துகொள்ளுங்கள். பலரும் கட்டரை முதலில் வாங்கிவிட்டு, சிகார் அந்த ஓட்டைக்குள் நுழையாமல் என்னிடம் கொண்டுவந்து "கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள் அண்ணே" என்கிறார்கள். அது முடியாத காரியம். சிகாரின் பருமனை ஓர் எண்ணாகச் சொல்வார்கள், 42, 50, 54 என்று. ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்பது அந்த எண். எளிதாகச் சொன்னால், எண்ணை 4-ஆல் பெருக்கி 10-ஆல் வகுங்கள், ஏறக்குறைய மில்லிமீட்டர் வந்துவிடும். 50 என்றால் 20 மில்லிமீட்டர். 60 என்றால் 24. உங்கள் பெட்டியின் மேல் எண் இருக்கும். இல்லாவிட்டால் ஸ்கேலை வைத்துக் குறுக்கே அளந்துகொள்ளுங்கள். கட்டரின் ஓட்டை அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும்.

வகையைக் கேட்டால், முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் கை காட்டுவது இரட்டை பிளேடு கட்டரைத்தான். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பிளேடு வந்து நடுவில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கடக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அறுபடுவதால் இலை எந்தப் பக்கமும் தள்ளப்படாது. ஒற்றை பிளேடில், வெட்டு தொடங்கும் பக்கம் சுத்தமாக இருக்கும், முடிகிற பக்கத்தில் இலையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிக் கிழிக்கும். நல்ல பதமாக இருந்தால் ஒற்றையும் வெட்டும்தான், ஆனால் அந்தப் பதத்தைக் காப்பாற்றுவது சிரமம்.

கடையில் கையில் எடுத்ததும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். பாதி மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிளேடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். அப்புறம் பிளேடை விரலால் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். லொடலொட என்று ஆடுகிற பிளேடு எவ்வளவு கூராக இருந்தாலும் இலையை மென்றுதான் எடுக்கும். நகத்தை பிளேடின் வாய்க்கு, அதாவது வெட்டுகிற விளிம்புக்கு, குறுக்கே லேசாக வைத்து நகர்த்துங்கள், பிசிறு இருந்தால் தட்டும். நான் கடையில் சோதிப்பது வாழைச் சருகை வைத்து. காய்ந்த சருகை நாலைந்து சுற்றுச் சுற்றி, விரல் பருமனுக்கு உருட்டி, வெட்டிப் பார்ப்பேன். ஓரம் கத்தரித்த மாதிரி நின்றால் அந்தக் கட்டரை நம்பலாம். நார் நாராகத் தொங்கினால் சிகாருக்கும் அதே கதிதான். சருகு எங்கும் கிடைக்கும், கடைக்குப் போகும்போது ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விலை? எஃகு நன்றாக இருந்து, பிளேடு ஆடாமல் இருந்தால் நடுத்தர விலையே போதும். மிகவும் மலிவாகக் கிடைப்பவற்றில் பிளேடு தகரம் மாதிரி மெல்லிசாக இருக்கும், பத்து வெட்டுக்குள் மழுங்கிவிடும். பெட்டியில் பத்துதான் இருக்கிறது, அதுவே போதும் என்று நீங்கள் நினைத்தால், அதுவும் ஒரு கணக்குத்தான்.

வீட்டில் மாமியாருடைய பழைய பாக்குவெட்டி இருக்கிறது. நன்றாகக் கூராக இருக்கிறது. அதனாலேயே வெட்டிவிடலாமே, கட்டர் எதற்கு என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுச் சொல் என்கிறார்.
— உசிலம்பட்டி வாசகி

வேண்டாம் தங்கச்சி. இதை நானே செய்து பார்த்துக் கெடுத்திருக்கிறேன். இருபது வருடம் முன்பு, பக்கத்துக் கடை நகை ஆசாரி தனக்கு யாரோ கொடுத்த ஒரு சிகாரை ஆசையாகக் கொண்டுவந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்த சந்தோஷம். "நீதானே வெட்டுக்காரன், வெட்டிக் கொடு" என்றார். அப்போதுதான் சாணை பிடித்து வைத்திருந்த பாக்குவெட்டி கையருகே இருந்தது. வைத்து அமுக்கினேன். தலை பிதுங்கி, மேலிலை நீளவாக்கில் விரிந்து, நடுவரைக்கும் பிளந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நூலைச் சுற்றிப் பற்ற வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து ஏன் அப்படி ஆனது என்று யோசித்தேன்.

பாக்குவெட்டிக்கு மேல்பக்கம் மட்டும்தான் வாய். கீழ்ப்பக்கம் இருப்பது வெட்டாத தாங்கு. கொட்டைப்பாக்கு கல் மாதிரி. தாங்கு கீழே பிடித்துக்கொள்ள, வாய் மேலிருந்து அமுக்க, பாக்கு விரிசல் விட்டுத் துண்டாகும். அந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த அமைப்பு கிடையாது. சிகாரோ உள்ளே காற்று ஓடுகிற இலைக்கட்டு. அமுக்கினால் விரிசல் விடாது, நசுங்கும். நசுங்கிய இலை பக்கவாட்டில் விரியும்போது, வெளியே சுற்றிய மெல்லிய மேலிலை தாங்காமல் கிழியும். அரிவாள்மனைக்கும் இதே பதில்தான்.

கட்டர் இல்லவே இல்லை, இன்றைக்கே வேண்டும் என்றால், புது சவர பிளேடை எடுத்து, சிகாரை மெதுவாக உருட்டிக்கொண்டே குல்லாவைச் சுற்றிக் கீறி, மூடியைக் கழற்றுவது போல எடுங்கள். அமுக்கக் கூடாது, கீற வேண்டும். கை நடுங்குகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மாமியாருடைய பாக்குவெட்டியை வெற்றிலைச் செல்லத்திலேயே விட்டுவையுங்கள், இரும்பு நல்லதாக இருந்தால் பேத்தி காலம் வரைக்கும் வரும்.

இரட்டை பிளேடு கட்டர்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் வெட்டி முடித்துப் பத்து நிமிடத்தில் மேலிலை பிரிந்து வாயில் ஒட்டுகிறது. சில சமயம் இலைத்தூள் வாய்க்குள் வருகிறது. எங்கே தப்பு?
— மேலூர் வாசகர்

ஆழமாக வெட்டுகிறீர்கள். வருகிற கட்டர்களில் கோளாறு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இதுதான், கட்டர் மேல் குற்றமே இருக்காது.

தலையைப் பக்கவாட்டில் பாருங்கள். உருண்டையாக இருக்கிற பகுதி ஓரிடத்தில் முடிந்து, நேரான உடம்பு தொடங்கும். அந்தத் திருப்பத்தைத் தோள் என்று வைத்துக்கொள்வோம். வெட்டு எப்போதும் தோளுக்கு மேலேதான் விழ வேண்டும். நுனியிலிருந்து ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் போதும். குல்லாவின் கீழ் விளிம்புக் கோடு தெரிகிறதல்லவா, வெட்டிய பிறகும் அந்தக் கோடு சிகாரில் மிச்சம் இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, மேலிலை பிரியத்தான் செய்யும்.

கை பழகும் வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். தட்டையான கட்டரை மேசை மேல் படுக்க வைத்துத் திறந்துகொள்ளுங்கள். சிகாரைத் தலைகீழாக, நேராக, ஓட்டைக்குள் விட்டு மேசையில் நிறுத்துங்கள். இப்போது மூடினால், பிளேடுக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி அளவுக்குத்தான் வெட்டு விழும், அதற்கு மேல் போக வழியே இல்லை. பின்பக்கம் தகடு அடைத்து, அளவுக்கு மேல் தலை நுழையாதபடி செய்த கட்டர்களும் வருகின்றன. இரண்டும் ஒரே உபாயம்தான். இது உருண்டைத் தலைக்கு மட்டும். கூம்பு மாதிரி ஒடுங்கிப் போகிற தலைக்கு ஒத்துவராது.

கூம்புத் தலை என்றால் முதலில் கொஞ்சமாக வெட்டுங்கள். பற்ற வைக்காமலே வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். காற்று தாராளமாக வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், வராவிட்டால் இன்னொரு மில்லிமீட்டர். வெட்டியதை ஒட்ட முடியாது, வெட்டாததை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். பற்ற வைக்காமல் இழுத்துப் பார்ப்பது எல்லா சிகாருக்கும் நல்ல வழக்கம்.

வெட்டுகிற விதத்தையும் கவனியுங்கள். கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டு பிளேடும் இலையைத் தொடும் வரைக்கும் மெதுவாக மூடுங்கள். சாய்வாக இல்லையே என்று ஒரு கணம் பாருங்கள். அப்புறம் டக்கென்று ஒரே மூச்சில். பாதியில் நிறுத்தித் திரும்பவும் அமுக்கினால் நீங்கள் சொன்ன இலைத்தூள் அங்கிருந்துதான் வரும். வெட்டியதும் தலையைக் கீழே கவிழ்த்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் உதிரி கொட்டிவிடும்.

இன்னொன்று, உங்கள் சிகார் காய்ந்திருக்கலாம். மேலூர் வெயில் எனக்குத் தெரியும். நூற்றுக்கு 65 முதல் 70 வரை ஈரப்பதம் இருக்கிற இடத்தில் வைக்க வேண்டிய இலை அது. சித்திரை வைகாசியில் அலமாரியில் கிடந்தால் அப்பளமாகிவிடும். அப்பளத்தை எந்தக் கட்டராலும் அழகாக வெட்ட முடியாது. ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள் சிலர், அது இன்னும் உலர்த்தும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதத்தைச் சீராக வைக்கிற பாக்கெட் ஒன்றைப் போட்டு, வீட்டிலேயே குளுமையான மூலையில் வையுங்கள். 25 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் புகையிலை வண்டின் முட்டை இருந்தால் பொரிந்து, ஊசியால் குத்திய மாதிரி ஓட்டை போட்டுவிடும். அதனால் நம் ஊரில் சிகாரை மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டுவதற்கு முன் தலையை உதட்டில் வைத்து லேசாக ஈரமாக்கிக்கொண்டால் குல்லா வெடிக்காது. வெட்டிவிட்டு நாளைக்குப் பிடிக்கலாம் என்று வைக்காதீர்கள், பற்ற வைக்கப் போகிற நேரத்தில்தான் வெட்ட வேண்டும்.

ஓட்டை போடுகிற வகை, 'வி' வடிவத்தில் வெட்டுகிற வகை என்றெல்லாம் இருக்கின்றனவே, அவை எப்படி?
— வாடிப்பட்டி வாசகர்

ஓட்டை போடுவதை பஞ்ச் என்பார்கள். வட்டமான வாய் கொண்ட சின்னக் குழாய். தலையின் நடுவில் வைத்து, லேசாக அழுத்திக்கொண்டே திருகி எடுத்தால் வட்டமாக இலை பெயர்ந்து வரும். குல்லாவின் ஓரம் முழுதாக இருப்பதால் பிரியும் பயம் இல்லை, சாவிக் கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஓட்டை சின்னதாக இருந்தால் புகையின் கசடு அதே இடத்தில் சேர்ந்து கசக்கும். 20 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பருமனான சிகாருக்கு 9, 10 மில்லிமீட்டர் பஞ்ச் நன்றாக இருக்கும். ஒல்லியானதற்கும் கூம்புத் தலைக்கும் பஞ்ச் வேண்டாம்.

'வி' கட்டர் தலையில் பள்ளம் எடுக்கும். தலை அப்படியே நிற்க, காற்றுக்கு வழி மட்டும் அகலமாகக் கிடைக்கும். கை நேராக நிற்காதவர்களுக்குக்கூட ஒரே மாதிரி வெட்டு விழும் என்பது அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஒல்லியான சிகாரில் பள்ளம் ஆழமாகப் போய்விடும். மழுங்கினால் சாணை பிடிப்பதும் பெரும்பாடு. அந்த மடிந்த வாய்க்குள் என் கல் எதுவும் நுழையாது. தெரிந்தே வாங்குங்கள்.

அண்ணா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிகார் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் சிகரெட்டை விடப் பாதுகாப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தொடங்க நல்ல கட்டர் ஒன்று சொல்லுங்கள்.
— பசுமலை வாசகர்

தம்பி, சொல்ல மாட்டேன்.

உள்ளே இழுக்காவிட்டாலும் சிகார் புகையிலிருந்து நிகோடின் வாய்த்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். அந்தப் புகையின் காரத்தன்மை அப்படி. பெரிய சிகார் ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டி அளவுக்குப் புகையிலை இருக்கும். வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் என்று புற்று வருகிற இடமெல்லாம் அந்தப் புகை படுகிற இடம்தான். என் அப்பா சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டிக்கொண்டு செல்லூரிலிருந்து அவனியாபுரம் வரை தெருத் தெருவாகப் போனவர். மிதித்துக்கொண்டே வாயோரம் சுருட்டு. புகையை அவரும் உள்ளே இழுத்ததில்லை. இடது கன்னத்தில் தொடங்கியது. கடைசி நாலு மாதம் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் 1998-ல் போனார். அவர் விட்டுப்போன சக்கரம் இன்னும் என் கடையில் சுழல்கிறது, சுருட்டை நான் தொட்டதில்லை. நீ எனக்கு எழுதுவதானால் பேனாக் கத்தியைப் பற்றிக் கேள், நகம்வெட்டியைப் பற்றிக் கேள், பக்கம் பக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் குலசாமி கருப்பசாமி. மாசிக் களரிக்குச் சுருட்டு வைத்துப் படைப்போம். இந்த வருடம் கொழுந்தனார் வெளிநாட்டு சிகார் ஒன்றைச் சாமிக்கென்றே வாங்கி வந்திருக்கிறார். தலையை வெட்டிப் படைப்பதா, முழுதாகவா?
— பேரையூர் வாசகி

அம்மா, சாமிக்கு எது எப்படி என்பதைப் பூசாரியிடமும் உங்கள் பங்காளி வீட்டுப் பெரியவர்களிடமும்தான் கேட்க வேண்டும், அது என் வேலை இல்லை. சாமான் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். இலையில் வைத்துப் படைப்பதோடு சரி என்றால் வெட்டத் தேவையே இல்லை, முழுதாக வைக்கலாம். அருள் வந்து இறங்கியதும் சாமியாடி வாங்கிப் புகைப்பது உங்கள் வழக்கம் என்றால், தலை மூடிய சிகாரைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். எவ்வளவு இழுத்தாலும் புகை வராது. அந்த நேரத்தில் கட்டரைத் தேடுவதும் கூடாது. முன்கூட்டியே வெட்டி, சருகிலோ காகிதத்திலோ சுற்றி பூசைக்கூடையில் வையுங்கள். முன்கூட்டி வெட்டக் கூடாது என்று மேலே சொன்னேன், இதற்கு அந்த விதி வேண்டாம். கூடவே நம் ஊர்ச் சுருட்டும் இரண்டு எடுத்துப் போங்கள். காலம் காலமாக அவர் கேட்டு வாங்கியது அதுதானே.

கட்டர் மழுங்கினால் அலுமினியத் தாளை மடித்து வெட்டினால் கூராகிவிடும் என்கிறார்கள். உண்மையா? வீட்டில் எப்படிப் பராமரிப்பது?
— சோழவந்தான் வாசகர்

அலுமினியத் தாள் வாயில் இருக்கிற சின்னப் பிசிறைக் கொஞ்சம் மடக்கிவிடும். இரண்டு நாள் நன்றாக வெட்டுகிற மாதிரி இருக்கும். அதற்குப் பெயர் சாணை இல்லை. மழுங்கிய எஃகில் கொஞ்சம் தேய்த்து எடுத்தால்தான் புது வாய் பிறக்கும்.

இரட்டை பிளேடின் வாய் பிறை மாதிரி உள்வளைந்து இருக்கும், அதனால் தட்டைக் கல்லில் பிடிக்க முடியாது. நான் செய்வது இப்படி: வளைவுக்குப் பொருந்துகிற பருமனில் உருட்டுக் குச்சி ஒன்றில் நைசான மணல்தாளைச் சுற்றிக்கொள்வேன். ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும், அந்தச் சரிவிலேயே, அதே கோணத்தில், உள்ளிருந்து வெளியே பத்துப் பன்னிரண்டு இழுப்பு. மறுபக்கம் தட்டை. அதை நைசுக் கல்லில் முழுசாகப் படியவைத்து ஒரே ஒரு தடவை தேய்ப்பேன், பிசிறு போய்விடும். தட்டைப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தேய்த்துவிட்டால் கட்டரின் கதை முடிந்தது. இரண்டு பிளேடுக்கும் நடுவில் சந்து விழுந்துவிடும், அப்புறம் எந்தச் சாணையும் சரிசெய்யாது. தெருவில் வருகிற சக்கரத்தில் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனால் இந்தச் சின்ன பிளேடுக்குச் சக்கரம் ஆகாது. சூடேறி எஃகின் பதம் போய்விடும். வாழ்நாள் உத்தரவாதம் கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு. உங்களுடையது அப்படி என்றால் அவர்களுக்கே அனுப்புங்கள், என்னிடம் வர வேண்டாம்.

மழுங்குவதற்கு முன்பே பாதிக் கட்டர்கள் கெடுவது பிசுக்கால்தான். இலையின் பிசின் பிளேடில் படிந்து, அதில் தூள் ஒட்டி, மூடித் திறப்பது கனத்துப் போகும். உடனே ஆள் இன்னும் பலமாக அமுக்குவார், இலை நசுங்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் போதும். வாயில் வைக்கிற பொருளை வெட்டுவதால் பிளேடில் எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய் எங்குமே வேண்டாம், ஒரு வாரத்தில் பிசுபிசுத்துக் காறிவிடும். சுருள்வில் இருக்கிற இடத்தில் மட்டும் ஊசி முனையால் தொட்டு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பூட்டு இருக்கிற கட்டரானால் எப்போதும் பூட்டியே வையுங்கள். விரல் நுழைகிற அளவு வட்ட ஓட்டை என்றால் குழந்தைகள் விரலை விட்டுத்தான் பார்ப்பார்கள். பரண் மேல் போகட்டும்.

கட்டரை விமானத்தில் கொண்டு போகலாமா?
— விரகனூர் வாசகர்

சரக்காக ஏற்றிவிடுகிற பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்துச் சோதனை வாசலில் வாதாட வேண்டாம்.

என் கொள்ளுத்தாத்தா ஹார்வி மில்லில் கணக்கு எழுதியவர். அவர் பெட்டியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சாமான் கிடைத்தது. ஒரு பக்கம் சின்ன ஓட்டை, பக்கத்தில் அழுத்தினால் உள்ளே ஒரு பிளேடு நகர்கிறது. மேலே சங்கிலி மாட்ட வளையம். கறுத்துப் போயிருக்கிறது. பாக்குவெட்டியும் இல்லை, நகம்வெட்டியும் இல்லை. இது என்ன?
— அரசரடி வாசகர்

கடிதத்தோடு நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை. அது சிகார் கட்டர்தான். கைக்கடிகாரம் பரவுவதற்கு முன்னால், சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்த காலத்தில், அந்தச் சங்கிலியின் மறுமுனையில் தொங்கவிடுவதற்கென்று செய்தது. தலையை அந்தச் சின்ன ஓட்டையில் வைத்து அழுத்தினால் 'வி' மாதிரி ஒரு பள்ளம் எடுக்கும். அந்தக் காலத்து சிகார்கள் இன்றைக்கு வருவதைப் போலப் பருமன் இல்லை, அதனால் ஓட்டையும் சின்னது. துரைமார்களிடம் இருந்த பொருள். உங்கள் கொள்ளுத்தாத்தா கைக்கு எப்படி வந்தது என்பது உங்கள் வீட்டுக் கதை, பெரியவர்கள் இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பாலிஷும் போடாதீர்கள். கறுத்திருப்பதைப் பார்த்தால் வெள்ளியாக இருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்து வளையத்தின் அடியிலும் உடம்பின் ஓரத்திலும் தேடுங்கள். நடக்கிற சிங்கம் போல ஒரு முத்திரை இருந்தால் அது இங்கிலாந்து ஸ்டெர்லிங் வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்து முத்திரை வைத்தது. அதோடு ஓர் எழுத்தும் இருக்கும், அது எந்த வருடம் என்பதற்கான குறி. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அப்படியே பார்த்து வரைந்துகொள்ளுங்கள், அதை வைத்துத்தான் வருடம் கண்டுபிடிக்க வேண்டும். முத்திரை ஒன்றும் இல்லாவிட்டால் ஜெர்மன் சில்வராக இருக்கலாம், அதில் வெள்ளியே கிடையாது. அதனால் குறைவில்லை.

பிளேடு சிக்கியிருந்தால் பலம் கொடுத்து அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கிற பட்டைவில் ஒடிந்தால் மாற்றுக் கிடைக்காது. காகிதத்தில் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக் கடைக்குக் கொண்டு வாருங்கள். சாணை போட மாட்டேன், சுத்தம் மட்டும் செய்து தருகிறேன், காசு வேண்டாம். காலை பத்து மணிக்குள் வந்தால் சந்துக்குள் வெயில் நேராக விழும், முத்திரையை இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்கலாம்.